ஆடாதோடை வேலிக்குள் ஐந்து மாதம்

எனக்குக் கசம், அதாவது காசநோய், என்று தெரிந்தபோது வயது இருபத்தைந்து. இரண்டாம் உலகச் சண்டை தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் இருந்தன. பெரியகல்லாற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும்போது இருமல் வந்தது. கைலேஞ்சியை வாயில் வைத்து எடுத்துப் பார்த்தால் சிவப்பு. நான் வெற்றிலை போடுகிறவன் அல்ல. லேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வாய்பாட்டைப் பன்னிரண்டு வரை சொல்லி முடித்த பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை.

மட்டக்களப்புப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் சளியை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். டாக்குத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கிருமி இருக்கு. வார்ட்டில இப்ப கட்டில் இல்ல. வந்ததும் கடிதம் போடுவம். அதுவரைக்கும் நல்ல சாப்பாடு, நல்ல காத்து, ஓய்வு."

"மருந்து?" என்று கேட்டேன்.

"மீனெண்ணெய் குடியுங்க" என்றார். அதற்குமேல் அவரிடம் அப்போது ஒன்றும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்தே அது எனக்கு விளங்கியது.

தாய் தகப்பன் போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். அத்தான் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு பின் விறாந்தையில், தனிக் கோப்பையில் வந்தது. மாமா மகளை எனக்குப் பேசியிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி அவளுக்கென்று கட்டும் வீட்டுக்கு நான் குடிபோக வேண்டியவன். செய்தி போன அன்றே அந்த வீட்டின் வேலை நின்றுவிட்டது. மாமா வரவுமில்லை, ஆள் அனுப்பவுமில்லை.

வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவுப் பக்கம், கசத்துக்கு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் ஒருவர் இருக்கிறார் என்று அக்கா கேள்விப்பட்டாள். ஊருக்குள் வைத்திருக்க முடியாத நோயாளிகளைத் தன் தென்னந்தோட்டத்தில் குடிசை போட்டு வைத்திருப்பாராம். அக்கா பாயும் தலையணையும் ஒரு பெட்டியும் கட்டித் தந்தாள். பட்டினம்வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து தோணியில் கடந்து போனேன்.

தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஆடாதோடை வேலி. நீண்ட இலை, வெள்ளைப் பூ. ஆடு மாடு வாய் வைக்காத செடி என்பதால் வேலிக்கும் ஆகும், மருந்துக்கும் ஆகும். வாவியைப் பார்த்தபடி மூன்று கிடுகுக் குடிசைகள். ஒன்று வெறுமையாகக் கிடந்தது. நடுக் குடிசையை எனக்குத் தந்தார்கள். மற்றதில் என்னைவிட இரண்டு நாள் முந்தி வந்த ஒருவர் இருந்தார். காத்தான்குடியில் இடுப்பில் கட்டும் சாரம் நெய்கிறவர். முப்பத்திரண்டு முப்பத்திமூன்று வயதிருக்கும். உயரமான ஆள், உடம்பு உருகி எலும்புதான் மிஞ்சியிருந்தது. நான் பாயை விரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்களும் அதுக்குத்தானா?"

"ஓம்."

"ரெத்தம் வந்ததா?"

"ரெண்டு தரம்."

"எனக்கு ரெத்தம் வரல்ல. இருமல்தான், ரெண்டு வருஷமா. மூச்சு எடுக்கவும் ஏலா, விடவும் ஏலா. கசம் எண்டு ஊரெல்லாம் சொல்லி, நூல் முதலாளி நூல் தாறத்த நிப்பாட்டிற்றார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சரி, ஒண்டா இருந்து சுகமாகுவம். அல்லா விட்ட வழி."

முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நான் காக்கா என்று கூப்பிட்டேன். அன்று அவரைக் கண்டதில் எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. என்னைப்போல ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற ஆறுதல்.

பரியாரியார் அதிகம் பேசாத மனிதர். காலையில் வந்து இருவருக்கும் நாடி பார்ப்பார். பிறகு வேலியிலிருந்து இலை பறிக்கச் சொல்வார். பறித்த இலையை இடித்து உருண்டையாக்கி, வாழையிலையில் சுற்றி, மேலே களிமண் பூசித் தணலுக்குள் வைக்க வேண்டும். மண் சிவந்ததும் எடுத்து உடைத்து, வெந்த இலையைத் துணியில் பிழிந்தால் கரும்பச்சையாகச் சாறு இறங்கும். அதில் தேனும் திப்பிலித் தூளும் சேர்த்து நாளுக்கு மூன்று வேளை. தேன் நாக்கில் பட்டு ஓடிப்போகும். கசப்பு அடுத்த வேளைவரை வாயில் நிற்கும். வேலை எல்லாம் நாங்கள் இருவரும்தான் செய்தோம். பிழிவது காக்காவின் வேலை. தறியில் பழகிய கை, ஒரு துளி மிச்சம் விடாமல் பிழியும்.

முதல் மாதம் முடியும் முன்பே அவருக்குச் சளி இளகி வெளியேறத் தொடங்கியது. விசில் அடிப்பதுபோல் வந்துகொண்டிருந்த மூச்சு அடங்கியது. இரண்டாம் மாதம் அவர் இருமியதை நான் எண்ணலாம். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து. எனக்கும் சாறு குடித்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். ஆனால் பின்னேரம் ஆனதும் காய்ச்சல் அதே நேரத்துக்கு வந்துவிடும். வியர்வை நனைத்த சாரத்தை ஒவ்வொரு காலையிலும் வேலியில் காயப் போடுவேன். பக்கத்தில் அவருடைய சாரம் மடித்தது மடித்தபடி கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை நிறுப்பார்கள். கொப்பரா நிறுக்கும் பெரிய தராசு ஒன்று மாமரக் கொப்பில் தொங்கியது. ஒரு தட்டில் பலகை போட்டு நாங்கள் ஏறி உட்கார வேண்டும். மற்றத் தட்டில் படிக்கல். காக்கா வாரத்துக்கு ஓர் இறாத்தல், இரண்டு இறாத்தல் என்று ஏறிக்கொண்டே போனார். நான் நின்ற இடத்தில் நின்றேன். பிறகு இறங்கினேன். அவர் பலகையிலிருந்து குதித்து, "வாத்தியார் தம்பி, இந்தக் கிழமை உங்கட முறை!" என்று சொல்வார். மனதார வாழ்த்தியே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிறுத்து முடிந்ததும் அவருடைய மனைவி தோணியில் வருவார். இடியப்பம், கோழிக்கறி, சிலவேளை வட்டிலப்பம். வேலிக்கு வெளியே தலையை மூடிக்கொண்டு உட்காருவார். இவர் உள்ளே உட்காருவார். நடுவில் இலைகள். அந்த இலைகளுக்கிடையில் பிள்ளைகளின் கதை, ஆட்டின் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் போகும் வரும். எனக்கும் ஒரு பங்கு கறி கட்டாயம் வரும். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போய்விடுவேன். அவர்கள் சிரிக்கும் சத்தம் காதில் விழாதபடி சத்தம் போட்டு இருமியிருக்கிறேன். அக்கா மாதம் ஒருமுறை வந்தாள். மூன்றாம் மாதம் வந்தபோது மாமா மகளுக்கு வேறிடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்று வேலிக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஞாயிறு காக்காவின் மனைவி கொண்டுவந்த கறியை நான் வாவியில் கொட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் நான் செய்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கரையில் யாரோ விட்டுப்போன கிழிந்த வீச்சுவலை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஈயக் குண்டுகளைக் கழற்றி, ஒரு துணியில் முடிந்து, சாரத்தின் மடியில் செருகிக்கொண்டு தராசில் ஏறினேன். படிக்கல் போதாமல் பரியாரியார் இன்னொன்று எடுத்து வைத்தார். "ம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் என்று தெரிந்தே நிறைந்தது. ஆனால் பலகையிலிருந்து இறங்கும்போது முடிச்சு தளர்ந்து ஒரு குண்டு மணலில் விழுந்தது. பரியாரியார் படிக்கல்லை எடுக்கத் திரும்பியிருந்தார். காக்கா பார்த்துவிட்டார். ஓர் எட்டு முன்னால் வந்து, வெறுங்காலை அந்தக் குண்டின்மேல் வைத்து மூடிக்கொண்டு, பரியாரியாரிடம் மழை எப்போது வரும் என்று கேட்டார்.

பிறகு குடிசை வாசலில் வந்து மெல்லச் சொன்னார். "அவர் காணல்ல தம்பி. யோசிக்காதீங்க."

எனக்காக அவர் செய்ததைப் போல ஒரு நல்ல காரியத்தை அந்த மாதங்களில் வேறு யாரும் எனக்குச் செய்யவில்லை. அந்தக் கணத்தில் அவரை நான் வெறுத்ததுபோல வேறு யாரையும் வாழ்நாளில் வெறுத்ததில்லை. அவர் மறுபடி இருமவேண்டும், என்னைவிட அதிகமாக இருமவேண்டும் என்று குடிசைக்குள் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலிக்காததால் சந்தேகம் பிறந்தது. ஒரே வேலி, ஒரே இலை, ஒரே சாறு. அப்படியிருக்க அவருக்கு மட்டும் எப்படி? பரியாரியார் அவருடைய பங்கில் வேறு ஏதோ மூலிகை கலக்கிறார், எனக்குத் தராமல் ஒளிக்கிறார் என்று எண்ணினேன். மத்தியானச் சாறு இரண்டு தகரக் கோப்பைகளில் எங்கள் வாசல்களில் இருக்கும். காக்கா கரையில் லுஹர் தொழுதுவிட்டு வந்துதான் குடிப்பார். அவர் பார்வையைத் தரையில் பதித்துத் தொழும்போது, நான் அவருடைய கோப்பையை எடுத்து வாய் வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு, என் கோப்பையிலிருந்து ஊற்றி நிரப்பி வைத்தேன். ஒரே கசப்புத்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும். பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். நான் படிப்பித்த சுகாதாரப் பாடத்தில் ஒருவர் வாய் வைத்த கோப்பையில் மற்றவர் குடிக்கலாகாது என்று இருந்தது. அது அப்போது நினைவில் இல்லை என்று சொன்னால் பொய். நினைவில் இருந்தது. அவருக்கும் இதே நோய்தானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டில் இருக்கிறது என்று கடிதம் வந்தது. புறப்படும் முன் காக்காவிடம் போனேன்.

"நீங்களும் வாங்க காக்கா. சளியக் காட்டிப்போட்டு வருவம்."

"எனக்கு என்னத்துக்கு? நான் சுகமாயிற்றன்தானே."

"அதக் கடதாசியில எழுதித் தருவாங்க. நூல் முதலாளிக்குக் காட்டலாம்."

அவருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய சளியிலும் இன்னும் கிருமி இருக்கும், டாக்குத்தர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கூப்பிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று காலை எங்கள் இருவரின் சளியையும் பார்த்தார்கள். நாலாம் நாள் டாக்குத்தர் காக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார், என்ன தொழில் என்று விசாரித்தார், ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்து அவரை வெளியே அனுப்பினார். என்னை நிறுத்திக்கொண்டார்.

"உங்கட சளியில கிருமி முந்தியப்போலத்தான். அவருடையதில மூண்டு தரமும் இல்ல."

"இலை கிருமியக் கொன்றுபோட்டுதா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் தலையை அசைத்தார். "அவருக்குக் கசம் இருந்ததெண்டு நான் நினைக்கல்ல. பஞ்சுத் தூசியில வந்த இழுப்பு. ஆடாதோடை சளிய இளக்கும், மூச்சுக் குழாயத் திறந்து குடுக்கும். நல்ல இலைதான், இகழ ஏலாது. தறிய விட்டுப்போட்டு அஞ்சு மாசம் வாவிக் காத்தில இருந்தது அதைவிட நல்லது. கிருமியக் கொல்லுற இலை இருக்கலாம். இன்னும் ஒருத்தர் கையிலயும் அகப்படல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கிருமி இல்லாத மனுசன உங்களோட ஆரு வெச்சது? நீங்க படிச்ச ஆள். வெளிய போய் அவருக்கு நல்லா விளங்கப்படுத்துங்க. இனித் தூசிக்குள்ள இருக்கக்குள்ள மூக்கக் கட்டச் சொல்லுங்க."

வெளியே வாகை மரத்தடியில் காக்கா கடதாசியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "கிருமி இல்லையாம் தம்பி! போயிற்றாம்! அல்ஹம்துலில்லா!" கண்ணால் நீர் ஓடியது. "அந்த இலை, தம்பி, அந்த இலை!"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று நான் மூடவில்லை. நோய் வந்து பிழைத்த மனிதர் மேல் பொறாமைப்படலாம். அதற்கு எனக்குப் பழக்கம் இருந்தது. அந்த நோய் அவருக்கு வந்ததே இல்லை என்று என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து மாதம் நான் அவரோடு ஓடிய ஓட்டத்தில் அவர் இருக்கவே இல்லை. நான் தனியாக ஓடியிருக்கிறேன்.

அவர் ஊருக்குப் போனார். நான் வார்ட்டுக்குப் போனேன்.

வார்ட்டில் எட்டுக் கட்டில். இரண்டு கிழமைக்கு ஒருமுறை காக்கா என்னைப் பார்க்க வருவார், கையில் ஒரு போத்தல் ஆடாதோடைச் சாற்றோடு. தன் வீட்டைச் சுற்றியும் இப்போது அதே வேலி நட்டிருப்பதாகச் சொன்னார். அவர் வந்தால் வார்ட் விழித்துக்கொள்ளும். எழும்ப முடியாதவர்களும் எழும்பி உட்காருவார்கள். "கசத்த வெண்ட மனுசன்" என்று அவரைச் சொன்னார்கள். தன் கதையை அவர் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வருவார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்பது வயது மீன்பிடிகாரர் ஒருவர் இருந்தார். வாய் திறந்து பேசாத அவர் ஒருநாள் காக்கா போன பிறகு என்னிடம் கேட்டார்.

"வாத்தியார், நீங்க அந்தக் காக்காவோட இருந்த ஆள். அவருக்குப் போனா எனக்கும் போகும்தானே?"

"எனக்குத் தெரியா" என்றேன்.

எனக்குத் தெரியும். அடுத்த நாள் மீன்பிடிகாரரின் மனைவி மாட்டு வண்டியில் வந்து, இலை வைத்தியத்துக்கென்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்குத்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கட்டில் வெறுமையானது. நான் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம் காக்கா வந்தார். எங்களுக்கு மீனெண்ணெய் ஊற்றித் தரும் நேர்ஸ் ஒருத்தி இருந்தாள். என் கட்டிலுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு வருவாள், ஒரு சொல்லுக்குமேல் பேசமாட்டாள். காக்கா ஏதோ சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் உட்காரக் கதிரை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. நான் எழும்பி உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் கசம் வந்ததே இல்ல" என்றேன், வார்ட் முழுவதும் கேட்கும்படி. "தறித் தூசியில வந்த இழுப்பு. இலைக்கு அது போகும். எங்கட நோய் போகாது. டாக்குத்தர் அண்டைக்கே சொன்னவர்."

யாரும் இருமக்கூட இல்லை.

"அண்டைக்கேயா?" என்றார் காக்கா.

"ஓம்."

"மறுகா ஏன் தம்பி எனக்குச் சொல்லல்ல?"

அவர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். அதை நிலத்தில் வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார், மாட்டு வண்டியில். அந்த மீன்பிடிகாரரை முதுகில் சுமந்துகொண்டு வார்ட்டுக்குள் ஏறினார். அந்த வீட்டுக்குப் போய், தான் சொன்னது பிழை என்று மீன்பிடிகாரருடைய மனைவியின் முன்னால் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மன்றாடிக் கூட்டி வந்திருக்கிறார். மீன்பிடிகாரர் தோளில் துணிபோலக் கிடந்தார். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு காக்கா என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னது சரி தம்பி. சொன்ன நேரமும் சரியில்ல, சொன்ன விதமும் சரியில்ல."

"இன்னொண்டும் இரிக்கு, காக்கா" என்றேன். இனி மறைத்து வைக்க என்னிடம் தெம்பில்லை. தொழுகை நேரத்துக் கோப்பையின் கதையைச் சொன்னேன்.

அவர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயை அழுத்தித் துடைத்தார், ஏதோ இப்போதுதான் குடித்தவர் போல. அவர் என்னிடமிருந்து விலகி நின்றதை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். அத்தானும் மாமாவும் முன்பே விலகிய அதே தூரம்.

"எத்தின தரம்?"

"பத்துப் பன்ரெண்டு."

"எனக்கு மூண்டு புள்ளைகள் இரிக்கி தம்பி" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். நேரே டாக்குத்தரின் அறைக்குப் போனார்.

மீன்பிடிகாரர் மாரி மழை விடும் முன்பே செத்துப்போனார். வார்ட்டிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்குத்தரிடம் கேட்டேன். தெரியாது என்றார். அது நான் சொன்ன தெரியாது போன்றதல்ல. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்தச் சாவைக் கேள்விப்பட்டுப் பரியாரியார் ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். கதிரை நுனியில் உட்கார்ந்து நாடி பார்த்தார், பழக்கதோஷம். "ரெத்தம் துப்பினவனுக்கு என்ட இலை நெஞ்சத் தாங்கும், நோய எடுக்காது மகனே. உனக்கும் அதைச் சொல்லியிருக்க வேணும். சொன்னா குடிக்கிறத நிப்பாட்டிருவாய் எண்டு விட்டுட்டன்." அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சளி காட்டாமல் வருகிறவர்களை அவர் குடிசையில் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

காக்கா ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வந்து சளி காட்டிப் போனார். என் வார்ட்டுக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்குத்தரிடம் என் சளியின் முடிவுக்கு முன் அவருடையதைத்தான் கேட்டேன். "இல்லை" என்று அவர் சொல்லும்போது என் முதுகு தளரும். ஆனால் அதே மூச்சில், மனதின் ஒரு மூலையில், இந்த மனிதனுக்கு மட்டும் எதுவுமே ஒட்டாதா என்ற எரிச்சலும் வரும். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான், நடந்தது அப்படியல்ல. ஒரு வருடத்துக்குப் பிறகு இனி வரத் தேவையில்லை என்று டாக்குத்தர் அவருக்குச் சொல்லிவிட்டார்.

எனக்கு நோய் தணிவதும் திரும்புவதுமாகச் சண்டைக்காலம் முழுவதும் கழிந்தது. சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் போன பிறகு கசத்துக்கென்று ஒரு புது ஊசி வந்தது. மண்ணில் வாழும் ஏதோ கிருமியிலிருந்து எடுத்த மருந்து என்றார்கள். மாதக்கணக்கில் குத்தினார்கள். காதுக்குள் இன்றும் ஓர் இரைச்சல் மிச்சம். சளியில் கிருமி இல்லை என்று எழுதிய கடதாசி என் கைக்கு வந்தபோது முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. பல வருடங்கள் கழித்து, ஆடாதோடையின் சத்தைப் பார்த்துச் சளி இளக்கும் மாத்திரை செய்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்தேன். கசத்துக் கிருமிக்கு எதிராக அதற்கு ஏதும் வலு உண்டா என்று இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். சோதிக்கட்டும்.

மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அடுத்த வருடம் அங்கே படிப்பித்த ஓர் ஆசிரியை, எல்லாம் தெரிந்துகொண்டே, என்னைக் கட்டச் சம்மதித்தாள். காக்காவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரமாட்டார் என்று நினைத்தேன்.

கலியாணத்தன்று காலை பத்து மணிக்கு அவர் மனைவியோடு பந்தலுக்குள் வந்தார். தாடி நரைத்திருந்தது. இப்போது தறியை விட்டுவிட்டு நூல் வியாபாரம் செய்கிறாராம். என் இரண்டு கையையும் பிடித்து, "தம்பி, மாப்பிள்ளக் கோலம் நல்லா இரிக்கி" என்றார். வேறு எந்தப் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து பார்த்தால் பந்தலில் என் பக்கம் ஆளில்லை. சனமெல்லாம் ஒரு மூலையில் கூடியிருந்தது. நான் பரியாரியாரின் தோட்டத்துக்குப் போன முதல் நாள் தோணியிலிருந்து இறங்கும்போது சேற்றுக்குள் விழுந்த கதையை, இரண்டு நாள் முந்தி வந்த அவர் கரையில் நின்று பார்த்த கதையை, கை காட்டி, முகம் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி, தாலி கட்டி இரண்டு மணித்தியாலம்கூட ஆகாதவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என் கலியாணத்தில்கூட இவர்தானா என்று எனக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

அவர் என்னைக் கண்டுவிட்டார். "இஞ்ச வாங்க தம்பி, ஏன் அங்க தனிய நிக்கிறீங்க? உங்கட கததான்."

நான் போய் அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அவர் கதையை முதலிலிருந்து தொடங்கினார்.